முகத்துப் போர்வை

எங்கள் அடுக்களையில் என் முகத்தில் ஏறாத சாமான் எது என்று கேட்டால் புளியும் பெருங்காயமும்தான் என்று சொல்வேன். கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, பாலாடை, புளித்த தயிர், எலுமிச்சைச் சாறு, ஆவாரம்பூப் பொடி எல்லாம் முறை வைத்து வந்து போயின. அவை போயினவே தவிர, நிறம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் அம்மா அந்த வகைக் காக்கை இல்லை. தன் குஞ்சு கறுப்பு என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தேய்க்கிற விதமாகத் தேய்த்தால் பொன்னாக்கிவிடலாம் என்பதுதான் அவளுடைய நம்பிக்கை.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. சேலையைப் பிரித்துப் போட்டதும் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, சாயம் போகுமா என்பது. அப்பா அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார். "கெட்டிச் சாயம், ஆயுசுக்கும் போகாதுங்க." கடையில் சொல்லிச் சொல்லி, வீட்டில் தூக்கத்தில்கூட அதைச் சொல்லுவார். அந்த வார்த்தையை என்னைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டு அம்மா அவர்மேல் எரிந்து விழுவாள்.

அலங்காரச் சாமானுக்கு எங்கள் ஊரில் அப்போது பஞ்சமே கிடையாது. சைகோனிலிருந்து திரும்புகிறவர்கள் சோப்பும் சென்ட்டும் பவுடருமாகப் பெட்டி பெட்டியாய்க் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு அத்தர் வாசனை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கும் சேர்த்துக் கண்ணில் சுர்மா தீட்டுவார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்கள் முகத்தில் மஞ்சளை அப்பியிருப்பார்கள். உப்புக் காற்றுக்கு அதுதான் சட்டை என்பது அவர்கள் கட்சி. உதட்டுச் சாயம் என்றால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வெற்றிலை பாக்கு. கொடி இறங்குவதற்கு முன்பு பிரெஞ்சு மதாம்கள் யாராவது உதட்டுச் சிவப்போடு கடைக்கு வந்துவிட்டால், அந்தம்மா கைக்குட்டை எடுத்து வர மறந்துவிட்டதாக அம்மா நினைத்துக்கொண்டு பரிதாபப்படுவாள்.

பவுடர் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் கறுத்த முகத்தில் வெள்ளைப் பவுடரைப் பூசினால் முகம் வெளுப்பதில்லை, சாம்பல் பூக்கிறது. இதை நான் கண்ணாடி பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா தெரிந்துகொள்ள மறுத்தாள். முதல் பெண் பார்க்கும் சடங்கின்போது கழுத்து வரைக்கும் பூசி அனுப்பினாள். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வரவே இல்லை. இரண்டாவதாக வந்தவர்கள் அந்த மட்டுக்கும் நேர்மையானவர்கள். நிறம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது என்று தரகரிடமே சொல்லிவிட்டார்கள். நிறம் என்ன, அளந்து கொட்டுகிற அரிசியா, கம்மி, ஜாஸ்தி என்று சொல்ல? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மாவுக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் வந்தது.

மூன்றாவதாக வந்தது தலத்தெரு வரன். இந்த இடம் அமைய வேண்டும் என்று நானே ஆசைப்பட்டேன். அந்தக் காலத்தில் பெண் ஆசைப்பட்டாள் என்று வெளியே தெரிந்தாலே வரன் தட்டிப்போகும் என்பதால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு 'மேரி' என்று நாங்கள் சொல்லுகிற நகராட்சி ஆபீசில் வேலை. அவரை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். ஆசிரியப் பயிற்சியில் சேரப் பிறப்புச் சான்று வேண்டும் என்று அண்ணனோடு அங்கே போயிருந்தேன். எங்கள் ஊர்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் குமாஸ்தாக்கள் எழுதுகிற அழகு ஊருக்கே தெரியும். அப்பன் பெயரில் பாதியை விழுங்கி, பிள்ளை பெயரில் வாலைச் சேர்த்து, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் செய்துவிடுவார்கள். இவர் மட்டும் பேனாவை நிறுத்திவிட்டு, அண்ணனைக் கேட்காமல் என்னைக் கேட்டார். "உங்க பேருங்க. எப்படி எழுதினா உங்களுக்குச் சரியா இருக்கும், சொல்லுங்க." நான் சொன்னேன். அவர் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுதினார். இதற்கு ஆசைப்படுவாளா ஒருத்தி என்றால், நான் ஆசைப்பட்டேன்.

தரகர் கூடவே ஒரு பயத்தையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் அம்மா ரொம்பக் கறாராம். அவள் அப்பா பிரெஞ்சுக் கோர்ட்டில் துபாஷியாக, மொழிபெயர்த்துச் சொல்கிறவராக இருந்தவராம். மகளைக் கன்னியர் மடத்தில் பிரெஞ்சு படிக்க வைத்தாராம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் அந்தம்மா பெண்ணின் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்ப்பாள் என்றார். பவுடர் பூசி ஏமாற்றுகிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்களாம். அம்மா அன்றைக்கே பவுடர் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். தேய்த்தாலும் நிற்கிற வெளுப்பு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அது எங்கிருந்து கிடைக்கும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா கொடுத்த ட்யூப் நினைவுக்கு வந்தது. அம்மாவின் தம்பி சைகோனிலிருந்து வந்து, ஒரு வாரம் தங்கிவிட்டுப் புதுச்சேரிக்குப் போயிருந்தார். அப்பாவுக்கு ஒரு பேனா, அண்ணனுக்கு ஒரு சட்டைத் துணி, எனக்கு ஒரு ட்யூப் கொடுத்திருந்தார். கப்பலேறும் அவசரத்தில், பெண்களுக்கு ஏதாவது கொடு என்று கடையில் கேட்டு வாங்கியதாம். அது என்னவென்று அவருக்கே தெரியாது. மூடியைத் திறந்து ஒருதரம் முகர்ந்து பார்த்து, அழுகின முட்டை நாற்றம் அடித்ததால் நான் மூடி வைத்திருந்தேன். ட்யூப் முழுக்கப் பிரெஞ்சு. மேலே ஒரு மதாம் தன் கன்னத்தைத் தானே தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பூனை, நாற்காலி, மழை பெய்கிறது என்ற அளவோடு நின்றுபோனது. ஆகவே அம்மா பக்கத்து வீட்டுச் சொல்தா மாமாவைக் கூப்பிட்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். இவர் மீசையை மெழுகு போட்டு முறுக்கி விட்டிருப்பார். தபால்காரனிடம்கூட அட்டென்ஷனில் நின்றுதான் பேசுவார். பிரெஞ்சில் அவருக்குத் தெரியாத கட்டளை கிடையாது. கட்டளையல்லாத பிரெஞ்சு அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அதுவரைக்கும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்யூபைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, "ஆன்லேவ் ல துவே து விசாஜ்" என்று தெருவுக்கே கேட்கும்படி படித்தார். விசாஜ் என்றால் முகம். ஆன்லேவ் என்றால் எடு, கழற்று. பட்டாளத்தில் தொப்பியைக் கழற்றச் சொல்லும்போது சொல்வார்களாம். இடையில் இருந்த துவேயில் கொஞ்சம் நின்றார். பிறகு முகம் மலர்ந்தது.

"துவேன்னா போர்வை தங்கச்சி. நான் மார்சேல்ல காய்ச்சலோட ஆஸ்பத்திரில கெடந்தப்ப குடுத்தான். பஞ்சு வச்ச போர்வை. அப்ப இது என்ன பண்ணுது, மூஞ்சில இருக்கிற போர்வைய எடுக்குது."

முகத்தில் ஏது போர்வை என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதான். சொல்தா மாமா ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். அதற்கு அதில் பதில் இல்லை. அம்மாதான் மெதுவாக என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கருப்பத்தான்டி சொல்றான். உள்ள நல்ல நெறம் இருக்கு, மேல கருப்பு போர்த்திக்கிட்டு இருக்கு. அதை எடுக்குதாம். வெள்ளக்காரன் எவ்வளவு நாசூக்கா எழுதியிருக்கான் பாரு."

இந்த விளக்கத்தில் மூவருமே மயங்கிவிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்னுடைய உண்மையான முகம் உள்ளே பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, போர்வையை விலக்கினால் போதும் என்று யாராவது பிரெஞ்சில் சொன்னால், பதினெட்டு வயதில் யார்தான் நம்பமாட்டார்கள். அடியில் பொடி எழுத்தில் என்னவோ நிறைய இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, பொடி எழுத்தெல்லாம் சட்டதிட்டம், பட்டாளத்திலேயே அதை யாரும் படிப்பதில்லை என்று சொல்தா மாமா சொல்லிவிட்டார். நிமிஷக் கணக்கு மட்டும் அவர் கண்ணில் பட்டது. ஐந்து நிமிஷம் வைத்திருந்து கழுவ வேண்டுமாம்.

அம்மா அதை ஏற்கவில்லை. "வெள்ளக்காரிக்கே அஞ்சு நிமிஷம்னா நமக்கு எப்படிப் பத்தும்?" என்றாள். வெள்ளைக்காரியின் போர்வை மெல்லிசு, நம்முடையது ஜமக்காளம் என்பது அவள் கணக்கு. உலை வைத்து, சோறு பொங்கி வடிக்கிற வரைக்கும் வைத்திருக்கலாம் என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளுக்கு முந்தின நாள் காலையில், கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் என்னை உட்கார வைத்து, அம்மா நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கனமாகப் பூசினாள். ஒரு இடம் விடவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நாற்றம் தாங்காமல் எங்கள் பசுமாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மருந்து என்றால் நாறத்தான் செய்யும் என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள். அவள் உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள். அரிசி பாதி வேகுமுன் என் முகம் முழுதும் வெந்துவிட்டது. நான் கத்திக்கொண்டே எழுந்து, கிணற்றடித் தொட்டியில் தலையை அப்படியே முக்கினேன்.

அண்ணி ஓடிவந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள். அண்ணனின் மனைவி, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். முகத்தை ஒற்றி எடுத்துத் துண்டைப் பார்த்தேன். அதில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு கணம், கறுப்புத்தான் போய்விட்டது என்று நினைத்து எனக்கு ஆனந்தம் பொங்கிற்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிறகு அண்ணி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்ததும் விளங்கிற்று. இரண்டும்தான்.

எனக்குப் புருவம் இல்லை. கறுப்பு இருந்தது. போகவேண்டியது ஒட்டிக்கொண்டும், ஒட்டியிருக்கவேண்டியது போயும் இருந்தன. கன்னத்தில் திட்டுத் திட்டாக வீக்கம் வேறு. எங்கள் ஊர் அம்மையார் இந்த அழகே வேண்டாம் என்று சாமியிடம் கேட்டுப் பேயுருவம் வாங்கிக்கொண்டவர். அதற்காக ஊரே வருஷா வருஷம் மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிறது. அந்த வருஷத் திருவிழா முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான் கேட்காமலே எனக்கும் அது வழங்கப்பட்டிருந்தது. எனக்காக யாரும் மாம்பழம் இறைக்கப்போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அம்மா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புருவம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே சோறு குழைந்துபோயிற்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் அதைத்தான் சாப்பிட்டோம்.

காய்ச்சல் என்று சொல்லி ஆளனுப்பிவிடலாமா என்று அம்மா கேட்டாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண்ணுக்கு மூன்றாவதில் காய்ச்சல் என்றால் ஊர் சும்மா இருக்காது என்று அண்ணி சொன்னாள். அவள் சொன்னது சரி. எனக்கு வேறு பயமும் இருந்தது. இவர்கள் ஒருதரம் திரும்பிப் போய்விட்டால் மறுபடி வரமாட்டார்கள். என் பெயரை என்னிடமே கேட்ட ஒரு மனிதர் வேறு யாராவது ஒருத்தியின் பெயரைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். அதை நினைத்தபோது முகத்தின் எரிச்சல்கூட மறந்துபோனது. வரட்டும் என்று நானே சொன்னேன்.

அன்று சாயங்காலம் அண்ணி விளக்கெண்ணெய்த் திரி ஏற்றி, பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, எண்ணெய் விட்டுக் குழைத்து மை தயார் செய்தாள். மறுநாள் அவளே தென்னை ஈர்க்கை நறுக்கி எனக்குப் புருவம் எழுதினாள். கோலம் போடுவதில் அவளுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர். ஆனால் கோலத்துக்குப் புள்ளி உண்டு. என் நெற்றியில் புள்ளி வைக்க முடியவில்லை. எத்தனை தரம் அழித்து எழுதினாலும் இடது புருவம் அடக்கமாகவும் வலது புருவம் ஒரு விரல்கடை உயர்ந்தும் நின்றது. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் நான் நல்ல பெண். வலது பக்கத்திலிருந்து பார்த்தால், என்ன விஷயம் என்று கேட்கிற பெண்.

தலத்தெருவிலிருந்து அவரும், அவருடைய அம்மாவும், பெரியப்பாவும் வந்தார்கள். பெரியப்பா பஜ்ஜியைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வகையில் அவர் எங்களுக்கு வேண்டியவர். அந்தம்மா நல்ல உயரம், நல்ல சரீரம். முகத்தில் பவுடர் அப்பியிருந்தது, அதிலும் மேலுதட்டுக்கு மேலே ரொம்பக் கனமாக. பிறத்தியார் பவுடரைத் தேய்த்துப் பார்க்கிறவளுக்கு இவ்வளவு பவுடர் எதற்கு என்று எனக்குச் சுருக்கென்று ஒரு கோபம் வந்தது. சொல்தா மாமா விருந்தாளியாக மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததிலிருந்து அவர் தன் மீசையைத் தொடவே இல்லை.

நான் காப்பித் தட்டோடு வந்தேன். ஆனி மாதப் புழுக்கம். கடல்காற்று இன்னும் எழும்பவில்லை. அவருக்குக் காப்பி கொடுக்கும்போது என் வலது பக்கம்தான் அவருக்கு வாய்த்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு டம்ளரை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்டேன். நான் அவரை ஏதோ கேள்வி கேட்பதுபோல் பார்த்தேனாம். பதில் சொல்லாமல் காப்பி குடித்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றிற்றாம்.

அந்தம்மாவை நமஸ்கரித்து எழுந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கட்டைவிரல் வந்தது. கன்னத்தில் ஒரு தேய், ஒன்றும் வரவில்லை. கன்னத்து வீக்கத்தைப் பார்த்து அவள் நெற்றியைச் சுருக்கினாள். நெற்றியோரத்தில் வேர்வை இறங்குவதைத் துடைக்கிற மாதிரி விரல் மேலே போயிற்று. போன விரல் கரியாகத் திரும்பிற்று. இடது பக்கத்து நல்ல பெண்ணின் பாதிப் புருவம் அவள் விரலில் இருந்தது. அம்மா அவசரமாக வெற்றிலைத் தட்டை முன்னே நீட்டினாள்.

அந்தம்மா விரலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். கால் கழுவ வேண்டும், பெண் வந்து தண்ணீர் இறைத்துக் கொடுக்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். துவைக்கிற கல்லருகே நின்று என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். என்ன இது என்று கேட்டாள். பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது பொய்க்குப் பதிலாக மூன்று வரன்களின் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"ஒரு களிம்பப் போட்டாங்க, புருவம் போயிடுச்சுங்க. உங்களுக்குப் புருவம்தான் வேணும்னா ஒரு மாசத்துல வளந்துடும். கருப்புதான் போகாது. அதை இப்பவே பாத்துட்டுப் போயிடுங்க."

சொல்லி முடித்ததும் எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் களிம்பைக் கொண்டு வா என்றாள். கிணற்றடி மாடத்தில் இருந்த ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணைச் சுருக்கி, மேலெழுத்தையும் படித்தாள், யாரும் படிக்காத பொடி எழுத்தையும் படித்தாள். படிக்கப் படிக்க அவள் வயிறு குலுங்க ஆரம்பித்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்து பவுடரில் இரண்டு கோடு விழுந்தது. இதை யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்டாள். சொல்தா மாமாவின் போர்வையையும் மார்சேல் ஆஸ்பத்திரியையும் சொன்னேன். அவள் மறுபடியும் ஒருதரம் சிரித்து ஓய்ந்தாள்.

"துவேன்னா போர்வைதான், அவர் சொன்னது தப்பில்ல. ஆனா பொம்பளைங்க மூஞ்சில பூனைமயிர் வரும் பாரு, மீசை மாதிரி, அதுக்கும் அந்தப் பேருதான். இது முடி கொட்ற மருந்து. கண்ணுகிட்டயே கொண்டுபோகாதே, மொதல்ல கையில தடவிப் பாருன்னு போட்டிருக்கான். அதை மூஞ்சி பூரா பூசினா?"

"கருப்பு போகும்னு நெனச்சாங்க."

"யாரு போகச் சொன்னா?"

முன்பு வந்தவர்கள் நிறம் கம்மி என்று சொன்னார்கள் என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நாங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, யாரும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, ட்யூபைக் கையில் எடை பார்ப்பதுபோல் அழுத்தினாள். குரல் இறங்கிப்போயிற்று.

"இதுல கொஞ்சம் மிச்சம் இருக்கும்போல இருக்கே?"

அப்போதுதான் பார்த்தேன். சிரித்த கண்ணீர் இறங்கின இடத்தில் பவுடர் விலகி, மேலுதட்டின்மேல் ஒரு மீசை தெரிந்தது. சொல்தா மாமாவுடையது அளவுக்கு இல்லை. ஆனால் மெழுகு போட்டால் முறுக்கலாம். இத்தனை வருஷம் பவுடருக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்களின் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தவள் அவள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய், சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. பாதிக்கு மேல் இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். அவள் ட்யூபை இடுப்பில் செருகிக்கொண்டாள். என் சீர்வரிசையில் முதலில் தலத்தெருவுக்குப் போனது அதுதான்.

கூடத்துக்குத் திரும்பினோம். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பெரியப்பாகூட பஜ்ஜியிலிருந்து நிமிர்ந்தார். அம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே, வழக்கமாகச் சொல்லிப் பழகிய வாக்கியத்தை எடுத்தாள். "வீட்டு வேலையெல்லாம் நல்லா செய்யுங்க. நெறந்தான் கொஞ்சம்..."

அந்தம்மா அவளை முடிக்க விடவில்லை. தலைப்புக்குள் இருந்த கையை எடுத்தாள். கட்டைவிரலில் என் புருவம் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நெறத்துக்கு என்னங்க. நானே தேச்சுப் பாத்துட்டேன். கெட்டிச் சாயம்."

அப்பா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயம் என்று காதில் விழுந்ததும், கடையில் உட்கார்ந்திருக்கிற நினைவில் அவர் வாய் தானாகத் திறந்தது.

"ஆயுசுக்கும் போகாதுங்க" என்றார்.

அம்மா இந்தத் தடவை அவர்மேல் எரிந்து விழவில்லை. "அதான் வேணும், தட்டை மாத்திக்குவோம்" என்றாள் அந்தம்மா. மகனைப் பார்த்தாள், அவர் சரி என்று தலையசைத்தார், என்னைப் பார்த்தும் ஒருதரம் தலையசைத்தார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான் அழுதேன். வேர்வைக்கு அதுவரை தாக்குப் பிடித்திருந்த வலது புருவம் அதில் கரைந்து கன்னத்தில் இறங்கிற்று. அதைப் பற்றி அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.